மாமனார் வாங்கிய கோடுபோட்ட துணி

ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு போர்வையின் மேல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நான் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மூலையைக் கையால் அழுத்தினால் எதிர் மூலை எழுந்தது. ஓடிப்போய் அதை முழங்காலால் அழுத்தினால் பக்கவாட்டில் இரண்டு இடம் பொங்கியது. போர்வையின் நடுப்பகுதி பதவிசாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. அதைச் சுற்றி நான் வைத்துத் தைத்த கோடுபோட்ட பார்டர் மட்டும் நாலு பக்கமும் அலையடித்தது.

தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன். அலை அப்படியே சூடாக நின்றது. அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். மூட்டையை எடுத்ததும் மூச்சு விட்டபடி மறுபடி எழுந்தது. கடைசியில் நானே படுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உருண்டேன்.

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். "பொறவு வாரேன் சார்" என்று சிலிண்டரைத் தோளிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்து நான் மாதுளை மரத்தில் ஏறிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்குப் பயமே இல்லாத நாள் என்று ஒன்று உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும் எனக்குப் பயமே கிடையாது. வினையே அதுதான்.

ரசத்துக்கு நடுவில் ஒரு கல்யாணம்

என் மனைவி ஜெயராணிக்கு ஒரே தங்கை, மெர்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர்களை எல்லாம் பால்கோவா கொடுத்து, வாசல் வரை வந்து, வழியனுப்பி வைத்தவள்.

ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நடுவில், "அத்தான், அந்த ரசத்த இங்கிட்டுத் தள்ளுங்க. எனக்குக் கல்யாணம்" என்றாள்.

நான் ரசத்தை என் மடியில் தள்ளிக்கொண்டேன்.

மாப்பிள்ளை பெயர் தங்கராஜ். மனைவியை இழந்தவர், பிளவக்கல் அணைப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். மெர்சிக்கு அப்படி ஒருவர்தான் சரி. இரண்டு பேரும் பேசினால் யார் கேட்பது?

ஜெயராணி எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அதற்குள் இருந்தது என் மாமனார் வாங்கிய மெத்தைத் துணி. இலவம்பஞ்சு மெத்தைக்குப் போடுவார்களே, வெள்ளையில் நீலக்கோடும் அரக்குக்கோடும் ஓடும் கெட்டித் துணி, அதுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வேறு எது குறைந்தாலும் சீர் மெத்தை பெண் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். மாமனார் இரண்டு மகள்களுக்கும் சேர்த்து ஒரே துண்டாக வாங்கி, நடுவில் வெட்டினார். பாதியில் ஜெயராணிக்கு மெத்தை தைத்தார். மறுபாதியை மடித்து, "இது மெர்சிக்கு" என்று பெட்டியில் வைத்தார். அது இருந்தது. மாமனார் போனார், மாமியார் போனார், பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. துணி இருந்துகொண்டே இருந்தது.

இப்போது பிரித்துப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு பூச்சி அரித்திருந்தது. அடியில் பெட்டியின் துரு. மெத்தைக்கு ஆகாது.

ஜெயராணி அதை மடியில் போட்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள். நன்றாக இருந்த இடங்களை மட்டும் ஐந்து இஞ்ச் அகலப் பட்டைகளாக வெட்டினாள். ஒரு பட்டை ஒரு முழம், ஒன்று ஒன்றரை முழம், ஒன்று ஒரு சாண். கோடுகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே வந்தன. மெத்தை இல்லாவிட்டால் போர்வை. நடுவுக்கு நான் வேலை பார்க்கும் நைட்டிக் கம்பெனியில் விழும் பூப்போட்ட வெட்டுத் துணிகள். சுற்றிலும் அவள் அப்பா துணி. மெர்சிக்குத் தெரியக்கூடாது, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் காட்டவேண்டும். திட்டம் அதுதான்.

நடுப்பகுதி முடிந்த சமயத்தில் ஜெயராணியின் கண்புரைக்கு டாக்டர் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார். கல்யாணம் முடிந்து பார்க்கலாமே என்றேன்.

"எந் தங்கச்சி கல்யாணத்த மங்கலாப் பாக்கச் சொல்றீகளா?" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எங்கள் வீட்டில் விட்டால் கறுப்புக் கண்ணாடியோடு தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள் என்று மெர்சி அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்து ஓரத்தில் வைத்துத் தைப்பதும், உள்ளே பஞ்சும் அடித்துணியும் வைப்பதும்தான் பாக்கி. "பேச்சியம்மாகிட்ட குடுத்துருங்க" என்று ஜெயராணி சொன்னாள்.

"என்கிட்ட விடு" என்று நான் சொன்னேன்.

ஓடவிட்டு வெட்டு

நான் தளவாய்புரத்தில் ஒரு நைட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். தையல் மெஷின்களுக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் நின்றிருக்கிறேன். முன்னால் உட்கார்ந்ததில்லை. பேச்சியம்மாள் அங்கே மூத்த டெய்லர். முந்தின வாரம்தான் கழுத்துப் பட்டி கோணியிருக்கிறது என்று அவர் தைத்த ஒரு டஜன் நைட்டியைப் பிரிக்க வைத்திருந்தேன். அவரிடம் போய் இதைத் தைத்துக் கொடுங்கள் என்று நிற்பதா?

எப்படித் தைக்கவேண்டும் என்று ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரியில் வைத்து ஜெயராணி எனக்குப் பத்து நிமிடம் விளக்கினாள். தலையாட்டவேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகத் தலையாட்டினேன். கண் முழுக்க எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கண்ணின் படத்தில் இருந்தது.

ஆகவே வியாழக்கிழமை லீவு போட்டு, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் தைத்தேன். அது எங்கள் கம்பெனி முறை. நைட்டிக்குக் கீழே ஃப்ரில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு யாரும் அளவெடுப்பதில்லை. பட்டியை ஓரத்தில் வைத்து மெஷினை ஓடவிடுவார்கள். சுற்றி முடிந்த இடத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. "அளந்துக்கிட்டு இருக்காத, ஓடவிட்டு வெட்டு" என்று தினமும் கத்துகிறவனே நான்தான். நைட்டிக்கு அது சரி. அலையடிக்கவேண்டும் என்றுதானே ஃப்ரில் வைக்கிறோம்.

போர்வை தரையில் விரியவேண்டிய சாமான் என்பது எனக்கு விரித்த பிறகுதான் உறைத்தது. வெட்டுத் துணியின் ஓரம் இழுத்த இழுப்புக்கு நீளும். அது நீள நீளப் பட்டையும் கூடவே போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு, நீலம், வெள்ளை, அரக்கு, வெள்ளை என்று ஒழுங்காக வரிசையில் வந்த கோடுகள், நான் இணைத்த இடம் வந்ததும் இரண்டு நீலம் சேர்ந்து தடியாக ஒன்று, இரண்டு வெள்ளை சேர்ந்து தெருவகலத்தில் ஒன்று என்று கெட்டுப்போயிருந்தன.

ஜெயராணிக்குப் போன் போட்டேன். மெர்சி எடுத்தாள்.

"அக்கா மருந்து ஊத்திட்டுப் படுத்துருக்கு. என்ன அத்தான், கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

"சும்மா போன் பண்ற ஆளா நீங்க? என்னத்த ஒடச்சீக?"

"எதையும் ஒடைக்கல."

"அப்ப எரிச்சுட்டீகளா?"

போனை வைத்துவிட்டேன். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. நைட்டித் துணி கெட்டால் கிடங்கில் இன்னொன்று எடுக்கலாம். இது எந்தக் கடையிலும் கிடையாது. இரண்டு மகளுக்கும் சமமாக என்று வாங்கியவர், ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொருத்திக்குப் போய்ச்சேரவேண்டியதில் பூச்சி தின்றது போக மிஞ்சியதை நான் ஃப்ரில் ஆக்கி வைத்திருந்தேன்.

டீக்கறை

மாமனாரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாகவேண்டும். மில்லில் வேலை பார்த்தவர். துணியைப் பார்த்தால் மனிதர்களை மறந்துவிடுவார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, வாங்க மாமா என்று கும்பிட்ட என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார். மெத்தையில் கோடு கட்டிலுக்கு நேராக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான், "நல்லா இருக்கீகளா மாப்ள" என்றார்.

அந்த மெத்தையில் நான் ஒருநாள் ஒரு முழு டம்ளர் டீயைக் கொட்டினேன். அன்றிலிருந்து அவர் வருகிறார் என்றால் மெத்தையைப் புரட்டிப் போடுவேன். அவர் போனதும் திருப்பிப் போடுவேன். ஆறேழு வருடம் இது நடந்தது. இடுப்பு வலி வந்து டாக்டரிடம் போனபோதுகூடக் காரணத்தைச் சொல்லவில்லை.

அவர் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து புறப்படும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாப்ள, இந்தப் பக்கமும் கொஞ்சம் டீ ஊத்திட்டீகன்னா பெரட்ட வேண்டியதில்ல."

பேச்சியம்மாள் கோர்ட்

வெள்ளிக்கிழமை போர்வையை ஒரு சாக்குப் பைக்குள் திணித்து, வேறு வழியில்லாமல் தளவாய்புரத்துக்குக் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கட்டிங் டேபிளில் பேச்சியம்மாள் அதை விரித்தார். மற்ற டெய்லர்கள் டிபன் பாக்ஸோடு சுற்றி நின்றார்கள்.

"யாருக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய நைட்டி? கோயில் யானைக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. பார்டர் நெடுகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு, நான் தினமும் அவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை என்னிடமே கேட்டார்.

"இது நல்ல பீஸா, கழிவா?"

"பேச்சியம்மா, கொஞ்சம் பாருங்க" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'ங்க' அது.

நூல் வெட்டும் டிரிம்மரை என் முன்னால் வைத்தார். "பிரிங்க. தச்ச கைதான் பிரிக்கணும்னு போன வாரம் சட்டம் பேசுனீகல்ல?"

பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். தைக்க ஒன்றரை மணி நேரம் ஆனதைப் பிரிக்க அதற்கு மேல் ஆனது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் தோளுக்குப் பின்னால் நின்று, "கையி வேகமா ஓடட்டும் அண்ணாச்சி" என்றார்கள். அதுவும் என் வசனம்தான்.

பிறகு பேச்சியம்மாள் டேப்பை எடுத்தார். நான் அதைப் போர்வையின் ஓரத்தில் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"ஓரத்த நம்பாதீக, அது இழுத்தா வந்துரும். நடுவுல வைங்க."

நடுவில் வந்த அளவுக்குத்தான் பார்டர் இருக்கவேண்டும். முதலில் நட்டநடுவில் ஒரு குண்டூசி, அப்புறம் இரண்டு முனைகளில், அப்புறம் இடையிடையே. எங்கே ஓரம் கூடுதலாகத் தொங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கித் தைக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் ஜெயராணி சொன்ன பத்து நிமிடமும் இதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பட்டைகளை இணைக்கும்போது நீலக்கோட்டின் விளிம்பு பார்த்து வெட்டினார். தையல் அந்த விளிம்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. வரிசை தவறாமல் அடுத்த கோடு வந்தது. ஆனால் அப்படி வெட்டுகிற ஒவ்வொரு இணைப்பும் மூன்று இஞ்ச் துணியைத் தின்றது. மொத்தம் பதினோரு இணைப்பு. நாலு பக்கமும் நிறைந்தது. நாலு மூலையும் காலியாக நின்றது.

"இன்னும் ஒரு முழம் இருக்கா அண்ணாச்சி?"

இல்லை. ஓடவிட்டு வெட்டியபோது விழுந்த துண்டுகளால் மெஷின் எண்ணெயைத் துடைத்திருந்தேன்.

மூலைக்குப் பூப்போட்ட துணியே போதும் என்று ஒருத்தி சொன்னாள். நன்றாகத்தான் இருந்திருக்கும். என் வாயிலிருந்து சரி என்று வரவில்லை. அப்போதுதான் அவர்களிடம் அந்தத் துணியின் கதையைச் சொன்னேன். ஒரே துண்டை நடுவில் வெட்டியது, மெர்சியின் பாதி பெட்டியிலேயே கிடந்தது, பூச்சி அரித்தது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்தினார்கள்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார் பேச்சியம்மாள். "செத்தக் கொறச்சுத் திட்டிருப்பேன்ல."

நாளை சனிக்கிழமை, அரை நாள் வேலை, நாலு மூலைக்குத் துணியோடு வாருங்கள், உள்ளே பஞ்சு விரித்து அடித்துணியும் வைத்து எல்லோரும் சேர்ந்து முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

நாற்காலியில் கிடந்தது

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். இரண்டு பாச்சா உருண்டை கிடைத்தது. பதறுவதையாவது வசதியாக உட்கார்ந்து பதறலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ சுருண்டு கிடந்தது. இழுத்துப் பார்த்தேன்.

தையல் மெஷின் உறை. நேற்றுத் தைக்க உட்காரும்போது நானே கழற்றி எறிந்தது. வருடக்கணக்காக அந்த மெஷின்மேல் கிடக்கிறது. என்ன துணி என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளை மங்கிப் பழுப்பாகியிருந்தது. நீலம் சாம்பலாகியிருந்தது. அரக்கு வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கோடு மட்டும் அதே கோடு.

எங்கள் மெத்தையில் பஞ்சு கட்டிதட்டிப் போய் அதைக் கழித்த அன்று, மேல்துணியை மட்டும் ஜெயராணி உருவித் துவைத்து, மெஷினைப் போர்த்தும் அளவுக்குச் செவ்வகமாக வெட்டி ஓரம் அடித்திருந்தாள். என் கையில் இருந்தது அவளுடைய பாதி.

வெட்டலாமா? அது அவள் சீர். கேட்காமல் வெட்டினால் அவள் என்னை வெட்டுவாள். கேட்கலாம் என்று போன் போட்டேன்.

"இப்ப என்ன எரியுது அத்தான்?" என்றாள் மெர்சி.

ஒன்றும் எரியவில்லை என்று சொல்லிவிட்டு வெட்டினேன்.

நிதானத்தில் இருக்கிற மனிதன் என்றால் ஏதாவது ஒரு ஓரத்திலிருந்து ஒரு பட்டை எடுத்து நாலாக வெட்டியிருப்பான். எனக்குத் தேவை நாலு மூலை. ஆகவே உறையின் நாலு மூலைகளையும் வெட்டி எடுத்தேன். என் மூளை அன்றைக்கு அந்த அளவில்தான் இருந்தது.

விரல்

சனிக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து போர்வையை முடித்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, அதோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். மறுநாள் கல்யாணம். மெர்சி பூ அலங்காரம் பேசப் போயிருந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு, குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பட்டாளத்துக்காரி மாதிரி நிமிர்ந்து, ஜெயராணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போர்வையை அவள் பக்கத்தில் விரித்தேன்.

அவள் முதலில் பார்க்கவில்லை. கையை வைத்தாள். விரல் பார்டர்மேல் நகர்ந்தது. முதல் இணைப்பில் நிற்காமல் போனது. இரண்டாவதிலும் நிற்கவில்லை. நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"பேச்சியம்மாதான?"

"பேச்சியம்மாதான். பிரிச்சது மட்டும் நான்."

விரல் மூலைக்கு வந்தது. நின்றது. பெட்டியில் கிடந்த துணிக்கு இன்னும் கஞ்சி முறுக்கு போகவில்லை, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். மூலைத் துணி பழைய வேட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலை, அரிசி மூட்டை, உருண்டது, சிலிண்டர்காரர், யானை, கத்தரி. ஒன்றையும் விடவில்லை.

ஜெயராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூலையைப் பார்த்தாள். நாலையும் பார்த்தாள். திட்டுவதற்கு வசதியாக நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"எனக்கு இது தோணலையே" என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாதிரிக்கு வாங்கிய பூவைக் கையில் வைத்தபடி மெர்சி உள்ளே வந்தாள். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், ஒரு துணியைப் பார்த்து அடங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா துணி" என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அம்மா இருக்கும்போது ஒருநா நானே பெட்டியத் தெறந்து பாத்தேன்க்கா. ஓட்ட ஓட்டையாக் கெடந்துச்சு. இனி எதுக்குன்னு மூடி வச்சுட்டேன்."

அவள் கையும் மூலைக்குத்தான் போனது. ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு பழுப்பு வட்டம் இருந்தது.

"அத்தான், இது உங்க டீதான?"

"ஆமா."

"இன்னும் போகலையா அது?"

அதற்குள் ஜெயராணியின் முகம் கோணத் தொடங்கியிருந்தது. மெர்சி சட்டென்று கண்ணாடியை எடுத்து அவள் முகத்தில் மாட்டினாள்.

"ஏக்கா, நீ அழக்கூடாது, டாக்டர் சொல்லிருக்காரு. ஒனக்கும் சேத்து நான் அழுதுக்கிடுறேன்."

சொன்ன சொல் தவறாமல் அழுதாள். நான் காபி போடப் போனேன். அடுப்பங்கரையில் எனக்குத் தனியாக நிறைய வேலை இருந்தது.

மிச்சத் துணி

கல்யாணத்தை ஜெயராணி பளிச்சென்று பார்த்தாள். போர்வை பிளவக்கல் போனது. மலைக்காற்றுக்கு நன்றாக இருக்கிறது என்று தங்கராஜ் போனில் சொன்னார். அவர் பேசிய அளவில் அது ஒரு சொற்பொழிவு.

சில வாரம் கழித்து எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தார். முடித்து எழுந்தவர் தையல் மெஷினைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாலு மூலையும் போன செவ்வகம் என்ன வடிவத்துக்கு வரும் என்று நான் வெட்டும்போது யோசிக்கவில்லை. கோடுபோட்ட துணியில், கொஞ்சம் குண்டாக, ஒரு சிலுவை மெஷின்மேல் படுத்திருந்தது.

தொழில் செய்யும் கருவியின்மேல் இப்படிச் சிலுவையைப் போர்த்தி வைக்க எத்தனை பேருக்குத் தோன்றும் என்று அவர் உருகினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

ஜெயராணி புதுக் கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆமாங்கய்யா, அவியதான் வெட்டுனாக" என்றாள். "அன்னைக்கு அவிய ரொம்ப ஜெபத்துல இருந்தாக."